அந்தப் படத்தை அனுப்பியது யார்

பல்கலைக்கழகத்தில் என்னோடு வேதியியல் படித்த திபெத்தியத் தோழிதான் என்னை அந்தப் போராட்டத்துக்கு அழைத்துப் போனாள். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் பன்னிரண்டு மாணவர்கள் நகரமண்டபத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் பேசாமல் நிற்போம். கைகளில் சிறையிலிருக்கும் திபெத்தியர்களின் படங்கள். திபெத்தில் உறவினர் உள்ளவர்கள் முகக்கவசம் அணிந்துகொள்வார்கள். தோழிக்கு லாசாவுக்கு அருகில் ஒரு சித்தி இருந்தார். தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான், மற்றவர்கள் எல்லோரும் திபெத்தியர்கள்; எனக்கு மறைக்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

பனி கரையத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, மண்ணிற ஜக்கெற் போட்ட ஒருவர் எங்களை ஒவ்வொருவராகப் படமெடுத்தார். பிறம்ரனில் வேலை முடிந்து என்னை ஏற்ற வந்த அப்பா காரிலிருந்தே அதைக் கவனித்திருந்தார்.

"உவன் ஆர், பிள்ளை?"

"தெரியாது அப்பா. பேப்பர்க்காரனாயிருக்கும்."

"பேப்பர்க்காரன் எண்டால் பதாகையையும் சேர்த்தெல்லோ எடுப்பான். உவன் முகத்தை மட்டும் எடுக்கிறான். ஊரில, சண்டைக் காலத்தில, உப்பிடி ஆக்களைக் கண்டிருக்கிறன். நீ இனிப் போகவேண்டாம்."

நான் போனேன்.

மூன்று வாரம் கழித்து, ஆய்வுகூட வாசலில் தோழி என்னை மறித்தாள். சித்தியின் வீட்டுக்கு இரண்டு அதிகாரிகள் போய், போனில் அவளுடைய படத்தைக் காட்டி, 'படிப்பை மட்டும் பார்க்கச் சொல்' என்றார்களாம். இனித் தனக்குப் போன் எடுக்கவேண்டாம் என்று சித்தி சொல்லிவிட்டார்.

"என்ன படம்?" என்று கேட்டேன்.

"சிவப்புக் கோப்பையில் தேநீர் குடிக்கிறேனாம். சிரிக்கிறேனாம்."

அது அந்த மனிதர் எடுத்த படமல்ல. போராட்டம் முடிந்து தேநீர்க்கடையில் அவள் முகக்கவசத்தைக் கழற்றியபோது நான் எடுத்தது. எங்கள் குழுவின் வட்ஸ்அப்பில் மட்டும்தான் போட்டிருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. குழுவை ஒழுங்குபடுத்தும் மூத்த மாணவர் மெதுவாகத்தான் கேட்டார்: "இந்தப் படத்தை வேறு யாருக்கு அனுப்பினாய்?"

"ஒருவருக்கும் இல்லை."

"எங்களுக்குள் நீ மட்டும்தான்…" என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

நான் போனைத் திறந்து தோழியின் முன்னால் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் தள்ளிவிடுவாள் என்று நம்பியிருந்தேன். அவள் எடுத்துக்கொண்டாள். படங்கள், செய்திகள் எல்லாவற்றையும் பார்த்தாள். அப்பா தமிழில் எழுதியிருந்த ஒன்றைக் காட்டி, "இது என்ன?" என்றாள்.

"வரும்போது பேக்கரியில் பாண் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்."

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டாள். "பார்க்காமல் விட்டிருந்தால் ஒவ்வொரு வெள்ளியும் உன் பக்கத்தில் நின்று இதையே யோசித்திருப்பேன்."

கோபம் வந்தது. ஆனாலும் என்னால் அவளைக் குறை சொல்ல முடியவில்லை. நானும் மற்றவர்களை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாகச் சேர்ந்தவள், என்னை அவ்வளவு விரைவாகச் சந்தேகித்த அந்த மூத்த மாணவர், யாரோடும் அதிகம் பேசாத ஒரு பையன்.

அந்தப் பையன் திடீரென்று வருவதை நிறுத்தினான். அவன்தான் என்று எல்லோரும் முடிவு செய்தோம். ஆதாரம் எதுவும் இருக்கவில்லை, யாரும் தேடவுமில்லை.

கோடையில் அவனை ரெக்ஸ்டேலில் ஒரு பஸ் தரிப்பில் கண்டேன். நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"ஊரில் என் அம்மாவிடமும் அதிகாரிகள் போனார்கள். என் படத்தைக் காட்டினார்கள்," என்றான்.

"ஏன் எங்களிடம் சொல்லவில்லை?"

"யாரிடம் சொல்வது? உங்களில் ஒருவர்தானே அனுப்பியிருக்கவேண்டும்."

அன்றே தோழிக்குச் சொன்னேன். அவள் அவனுடைய நம்பரைக் கேட்டு வாங்கினாள். ஓகஸ்ட் முடியுமுன் அவன் திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றான். நான் போய் அவன் பக்கத்தில் நின்றேன். அவன் சொன்னதெல்லாம் உண்மைதானா என்று, அப்போதும், ஒரு கணம் யோசித்தேன்.