பாப்பாத்தியின் சாலட் வண்டி

வெள்ளரிக்காயில் கத்தி வைக்குமுன் பாப்பாத்தி ஒரு கல் உப்பை நாக்கில் போட்டுக்கொள்கிறாள். அது கரையும்வரை பேச மாட்டாள். கரைந்த பிறகு அவளை நிறுத்துவது கஷ்டம்.

"சாலட்டுன்னா என்னான்னு நெனச்சீங்க? உப்பு போட்டது! அவ்ளோதாங்க அர்த்தம். வெள்ளக்காரன் வாயத் தொறந்தா நம்ம சரக்குதான் வருது!"

மரக்காணம் உப்பளத்துக்கு வெளிநாட்டுக்காரர்களை அழைத்துவந்த வழிகாட்டி ஜான்சன் போன கோடையில் சொன்னது. லத்தீனில் சால் என்றால் உப்பு. சாலட், சாஸ் இரண்டும் அதில் பிறந்தவை. அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த பாப்பாத்தி வாருபலகையைப் பாத்தியிலேயே போட்டுவிட்டு வரப்பில் ஏறி ஓடினாள். "இன்னொருவாட்டி சொல்லுங்க சார்!"

அன்றிலிருந்து சலாம், சல்வார், சலூன் என எல்லாச் சொல்லிலும் அவளுக்கு உப்புதான்.

"சலூன்ல எவன்டி உப்பு போடுறான்?" என்றான் கணவன் அரசப்பன்.

"படிகாரம் தேய்க்கிறான்ல? அது உப்புக்கு ஒண்ணுவிட்ட தம்பி!"

மழைக்காலத்தில் பாத்திகள் மூழ்கிவிடும். வருடாவருடம் இருவரும் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். இந்த முறை அவள் அசையவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் தள்ளுவண்டி. பலகையில் பெரிதாக 'சாலட்'. வெள்ளரி, கொய்யா, மிளகாய்த்தூள், அவளே வாரிய உப்பு.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாரு. ஓடலன்னா மூட்டையக் கட்டு" என்றுவிட்டான் அரசப்பன்.

ஞாயிற்றுக்கிழமை கார்கள் பலகைமேல் சேற்றை அடித்துவிட்டுப் புதுச்சேரிக்குப் பறந்தன. அரசப்பன் பையோடு வந்து வண்டிக்குப் பின்னால் நின்றான். அப்போதுதான் ஒரு கார் நின்றது. வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் இறங்கினார். உள்ளே குடும்பம்.

"அஞ்சு சாலட்மா. எனக்கு மட்டும் உப்பு வேணாம். பிபி."

"உப்பு இல்லன்னா அது சாலட்டே இல்லங்க!"

அவர் முகம் சுருங்கியது. கார்க் கதவைப் பிடித்தார்.

"அடியேய், குடுத்து அனுப்புடி!" என்று அரசப்பன் பல்லைக் கடித்தான்.

பாப்பாத்தி சட்டென்று ஒரு கல் உப்பை நாக்கில் போட்டு வாயை மூடிக்கொண்டாள். கத்தி மட்டும் பேசியது. உப்பு கரைந்ததும் ஆரம்பித்தாள்: லத்தீன், ஜான்சன், சாஸ், சலூன் வரை. குடும்பமே இறங்கி வண்டியைச் சுற்றி நின்றது. கூட்டத்தைப் பார்த்து இன்னொரு கார் பிரேக் போட்டது. அரசப்பன் பையை வண்டிக்கடியில் தள்ளிவிட்டு வெள்ளரிக்காய் கழுவ உட்கார்ந்தான்.

நான்கு தட்டு போய்விட்டது. ஐந்தாவதில் உப்புப் போடாமல் வெள்ளரித் துண்டுகளை அடுக்கினாள். நீட்டப் போனவள் கையை இழுத்துக்கொண்டு, துண்டுகளில் படாமல் தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு கல் உப்பை வைத்தாள்.