நாற்பது நாள் குளித்த சுவர்

சங்கிலிபூதத்தான் இடது கன்னத்தைச் சுவரில் ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருடச் சுண்ணாம்பிலும் உப்புத்தாளிலும் உள்ளங்கைகள் காய்த்து முதலைத் தோலாகிவிட்டன. அவற்றுக்கு ஈரம் தெரியாது. கன்னத்துக்குத் தெரியும். அதற்காகவே இடது கன்னத்தை நாள்தோறும் மழிக்கிறார். வலது கன்னத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வாய்க்கும்.

விக்கிரமசிங்கபுரத்துப் பெயிண்டரான அவரைக் காயல்பட்டினம் வரை வரவழைத்தது ஒரு பல்லி. ஏரலில் அவர் பட்டி பார்த்து முடித்த வீட்டில் அது மூன்று முறை சுவரேறி மூன்று முறையும் வழுக்கி விழுந்ததாம். வெட்கப்பட்டு எதிர்வீட்டுக்குக் குடிபோய்விட்டதாம். மகளுக்குப் புதுவீடு கட்டிக்கொண்டிருந்த ஆபிதா பீவி இதை அப்படியே நம்பினார். நம்பாதவர்கள் எவரும் சங்கிலிபூதத்தான் தேய்த்த சுவரைத் தொட்டுப் பார்த்ததில்லை.

"லாத்தா, இது இன்னும் வேர்க்குது."

"யா அல்லா! பூச்சு முடிஞ்சு ரெண்டு மாசமாச்சே தம்பி. மத்த மூணும் காஞ்சிட்டுல்லா?"

அவர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கிழித்து, கூடத்து மேற்குச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பைக்குள்ளே முத்து முத்தாகத் தண்ணீர்.

"கொத்தனார் எத்தன நாளு நனைக்கச் சொன்னாரு?"

"பத்து."

"நீங்க எத்தன நாளு நனச்சிய?"

ஆபிதா பீவி முந்தானையைச் சரிசெய்தார். "நாப்பது. இந்தச் சுவருக்குத்தான் ஓஸ் பைப்பு எட்டிச்சு. பிள்ள பெத்தவளுக்கு நாப்பது நாளு பாக்குறோமே, மவ வீட்டுக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"குளுப்பாட்டுனதோட விட்டியளா, சாம்பிராணியும் போட்டியளா?"

மகள் ஃபஹ்மிதாவின் நிக்காஹுக்கு இன்னும் பன்னிரண்டே நாள். அந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வாழ வருவார். அவர் வீட்டு ஆட்கள் வாசலேறியதும் முதலில் பார்ப்பது கூடத்தைத்தான். அங்கே சிமெண்டு பல்லிளித்தால் ஆயுசுக்கும் பேச்சு.

"மேலோட்டமாவாது பூசிவிடுங்க தம்பி."

"பூசலாம். அன்னைக்குப் பளபளன்னு இருக்கும். மறுமாசம் அம்மை போட்ட மாரி பொக்களம் கெளம்பும். மருமவன் காலைல எந்திரிச்சு மவ மூஞ்சியப் பாப்பாரா, இதப் பாப்பாரா?"

மூன்று சுவர்களை முதலில் முடித்தார். பட்டப்பகலில் சன்னல்களைச் சாத்தி, ஒரு பல்பைச் சுவரோரமாகப் படுக்கைவசத்தில் பிடிப்பார். வெளிச்சம் சாய்ந்து விழும்போது பள்ளங்கள் நிழல் காட்டும். நிழல் கண்ட இடத்திலெல்லாம் பென்சில் வட்டம். கொசு உட்கார்ந்து எழுந்த பள்ளத்துக்கும் ஒரு வட்டம் உண்டு. பிறகு பட்டி, தேய்ப்பு, மறுபடியும் பல்பு. கடைசிப் பூச்சு காய்ந்த அன்று தொட்டுப் பார்க்கக் கையை நீட்டிய ஆபிதா பீவி, பாலேட்டில் விரல் முங்கிவிடுமோ என்று சட்டென்று இழுத்துக்கொண்டார்.

நாலாவதற்குப் பட்டியும் இல்லை, பெயிண்டும் இல்லை. வெறும் உப்புத்தாள். ஐந்து நாள் தேய்த்தார், பைய, குழந்தை முதுகைத் தடவுவதுபோல. புருவத்திலும் காது மடலிலும் சிமெண்டு படிந்து, சுவருக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. ஃபஹ்மிதா இரண்டு தடவை டீயைச் சுவரிடம் நீட்டிவிட்டு ஆளைத் தேடினாள். ஆறாம் நாள் அந்தச் சுவர் புறாக் கழுத்தின் சாம்பல் நிறத்தில் பள்ளம் மேடு இல்லாமல் நின்றது.

"இத இப்படியே மூச்சு விட விடுங்க. ஆறு மாசங் கழிச்சு வாரேன்," என்றார்.

"அதுவரைக்கும் கேக்குறவங்களுக்கு என்ன சொல்ல?"

"அது உங்க சாமர்த்தியம்."

நிக்காஹ் அன்று மாப்பிள்ளையின் பெரிய மாமா, முப்பது வருடம் துபாயில் இருந்தவர், நேரே மேற்குச் சுவரிடம் போனார். தடவினார். மறுபடியும் தடவினார். "இது எந்த ஊருக் கல்லு?"

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஆபிதா பீவி தொண்டையைச் செருமினார். "துபாயில இப்ப இதானே மோஸ்தரு."

"ஆமாமா," என்றார் மாமா. "நானும் பாத்திருக்கேன்."

களறிச் சாப்பாடு தொடங்கியது. அந்தச் சுவரோரம் விரித்த பாயில், ஒரே சஹன் தட்டைச் சுற்றி மாமாவும் சங்கிலிபூதத்தானும் இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார்கள். திரையை விலக்கி ஆபிதா பீவி பார்த்துக்கொண்டிருந்தார். கறிச்சோறு உள்ளே போகப்போக மாமாவுக்குக் கண் சொருகியது. எண்ணெய் மினுங்கும் தலை மெல்ல மெல்லப் பின்னால், பெயிண்டு காணாத அந்தச் சுவரை நோக்கிச் சாய்ந்தது. ஆபிதா பீவி மூச்சைப் பிடித்துக்கொண்டார். சங்கிலிபூதத்தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைக்கும் சுவருக்கும் நடுவே இடது கையை நுழைத்து, அதைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் அடுத்த கவளத்தை உருட்டினார்.