கல்வெட்டில் சேராத புலம்பல்

கடல் ஊருக்குள் வந்துபோய் ஒரு வருடம் ஆகியிருந்தது. நாவற்குடாவில் என் பெரியம்மா வீட்டில், அலையில் போன அவரது மகளின் ஆண்டு நினைவுக்குக் கல்வெட்டு அச்சிட ஏற்பாடு நடந்தது. அந்தச் சிறு புத்தகத்தில் தாய் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று உறவுமுறைப்படி பாட்டுகள் போடுவார்கள். படித்தவள் என்று தொகுக்கும் வேலையை என்னிடம் தந்தார்கள். கையில் மூன்று மாதக் குழந்தை.

இறந்த அக்கா வாகரையில் ஆசிரியை. கலியாணம் செய்யவில்லை. தையல் வேலை செய்த ஒரு பெண்ணுடன் ஒரே வீட்டில் ஒன்பது வருடம் வாழ்ந்தவர். அலையில் தப்பிய அந்தப் பெண் பஸ் ஏறி வந்து, கொப்பித் தாளில் எழுதிய ஒரு பாட்டை என்னிடம் தந்தார்.

"வேற பிரதி இல்ல தங்கச்சி, கவனம்."

'ஒரு பாயில் கிடந்தோம், உன் பக்கம் இனி மணல்தான்' என்று ஒரு வரி. ஒரு பெண் இன்னொரு பெண்ணை நினைத்து அப்படி எழுதி நான் வாசித்தது அதுவே முதல் தடவை. அழுதேன். பிறகு பயம் வந்தது. எந்த உறவென்று தலைப்புப் போடுவது?

பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "என்னகா இது, புருசன் செத்தமாதிரி எழுதியிருக்காள்? ஊர் சிரிக்கும் புள்ள, எடு."

எடுத்துவிட்டேன்; அச்சிட வேண்டாம் என்று அந்தத் தாளில் கோடு போட்டு, கட்டோடு அச்சகத்துக்கு அனுப்பினேன். குழந்தை அழுதது, அச்சகத்தில் அவசரப்படுத்தினார்கள் என்று இன்றும் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்கிறேன்.

நினைவு நாளன்று அந்தப் பெண் முற்றத்தில் நின்று கல்வெட்டைக் கடைசி வரை புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார்.

"என்ட எங்க தங்கச்சி?"

"இடம் காணல்லக்கா."

"ஓம். எனக்கு எங்க இடம்." கல்வெட்டை மூடிவிட்டு, "அந்தத் தாளையாவது தாங்க" என்றார்.

பிறகு தேடித் தருவதாகச் சொல்லி அனுப்பினேன். அச்சகத்தில் மற்றத் தாள்களோடு அதையும் எறிந்துவிட்டிருந்தார்கள்.

பிறகு வாகரையில் சண்டை மூண்டது. யுத்தம் முடிந்தபின் அவரைத் தேடிப் போனேன். அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர் எங்கே இடம்பெயர்ந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அண்மையில் ஒரு சஞ்சிகையில், பெண்ணை நேசித்த பெண்கள் எழுதிய இலக்கியத்தின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். ஒளித்து வைத்த கடிதங்கள், வேறு பெயரில் வெளிவந்த கவிதைகள் என்று எத்தனையோ நாடுகளின் கதை அதில் இருந்தது. எங்கள் பக்கத்தில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அன்று கைக்குழந்தையாக இருந்த மகள் பக்கத்தில் பாடம் படிக்க, அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அது பொய் என்று சொல்லக்கூடிய ஒரே தாளைத் தொலைத்தவள் நான்.