பதினைந்து நாள் வாய்தா

எழுமலைக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நல்லகாமன் கரி வியாபாரம் செய்தார். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டிய காலம் அது. கருவேல மரங்களை ஏலம் எடுத்து, மூட்டம் போட்டுக் கரியாக்கி, மூட்டை மூட்டையாக மதுரை பஸ் முதலாளிகளுக்கு அனுப்பினார். இரண்டே வருஷத்தில் நாலு மாட்டுவண்டி சேர்ந்தது. மனைவி ஒச்சாயி காதில் தங்கத் தண்டட்டி ஆடியது.

ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அவரும் போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்று ரேகை வைக்க வேண்டும். ரேகைச் சட்டம் அவர் சாதி ஆண்களையெல்லாம் பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதி வைத்திருந்தது. அவர் பேரில் வழக்கு ஒன்றுமில்லை. பதினேழு வயதில் வரிசையில் நிறுத்திக் கைரேகை எடுத்தார்கள், அவ்வளவுதான். ஊர் எல்லை தாண்டப் போலீஸ் தரும் ராதாரிச் சீட்டு வேண்டும். அதில் எழுதிய நேரத்துக்குள் திரும்பியும் ஆக வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்து மதுரைக்கு வண்டிக்காரர்களையே அனுப்புவார். அங்கே கணக்கு எழுதத் துளசிராம் என்ற சௌராஷ்டிரக்காரர் இருந்தார்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆடியில் ஒரு நீளக் கவர் வந்தது. போஸ்ட் மாஸ்டர் படித்துச் சொன்னார்.

“வருமான வரி நோட்டீஸ். முப்பது நாளைக்குள்ள வியாபாரக் கணக்கு தாக்கல் பண்ணணும்.”

“பேருக்குப் பக்கத்துல என்னமோ எழுதியிருக்கே, அது என்னங்க?”

“வியாபாரின்னு போட்டிருக்கு.”

நல்லகாமன் அதை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். சர்க்கார் காகிதம் ஒன்று அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வரி கட்ட வேண்டுமே என்ற கவலையைவிட அந்தச் சந்தோஷம்தான் அன்று பெரிதாக இருந்தது.

துளசிராமோ டைபாய்டில் படுத்திருந்தார். கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது அவர் மனைவி கனகலட்சுமி வண்டிக்காரரிடம் கடிதம் கொடுத்தனுப்பினாள்: ‘கணக்கு பாதியில் நிற்கிறது. கெடு முடியுமுன் நீங்கள் நேரில் போய் வாய்தா கேளுங்கள். கேட்காவிட்டால் அவர்களே ஒரு தொகையை மதிப்புப் போட்டுவிடுவார்கள்.’

நல்லகாமன் ஸ்டேஷனுக்கு ஓடினார். சீட்டில் கையெழுத்துப் போடும் ஐயா கேம்ப் போயிருந்தார். மறுநாளும் இல்லை. நாலு நாள் அலைந்து, கெடு முடியும் அன்று காலையில்தான் சீட்டு கிடைத்தது. மாலை ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று அதில் இருந்தது.

மதுரை வரி ஆபீசில் மத்தியானம் முழுக்கக் காத்திருந்தார். பெரிய கடைக்காரர்கள் வக்கீலோடு வந்து வந்து போனார்கள். மணி நாலாகும்போது அவரைக் கூப்பிட்டார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று அதற்குள் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“கடைசி நாள்ல வந்து வாய்தா கேட்டா எப்படி?” என்றார் ஆபீசர்.

 நல்லகாமன் அன்று காலைதான் கையெழுத்தான ராதாரிச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆபீசர் படித்தார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

“உட்காருங்க” என்றார்.

நல்லகாமன் நின்றுகொண்டே இருந்தார். பதினைந்து நாள் அவகாசம் என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார் அந்த மனிதர்.

திரும்பும் பஸ் செக்கானூரணி தாண்டி நின்றுவிட்டது. கிளீனர் கரி அடுப்பைக் கிளறி, அடுப்புக்குக் காற்று ஊதும் காற்றாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஊர் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வீட்டுக்குப் போகாமல் நேரே ஸ்டேஷனுக்குப் போனார்.

“வரி ஆபீசுக்குத்தாங்க போனேன். இந்தா பாருங்க, வாய்தா குடுத்திருக்காக.”

“சீட்டுல ஆறு மணின்னு போட்டிருக்குல்ல?” என்றார் ஏட்டு. அன்றே உள்ளே வைத்தார்கள். மாஜிஸ்திரேட் முத்திரைக் காகிதத்தைப் பார்த்தார். “அது வேற இலாகா” என்று சொல்லி இருபது நாள் ஜெயில் போட்டார்.

துளசிராம் படுக்கையிலிருந்து எழுந்து கணக்கை முடித்தார். நல்லகாமன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஒச்சாயி வரி ஃபாரத்தை மடியில் கட்டிக்கொண்டு சப்-ஜெயிலுக்கு வந்தாள். மேலிடத்து உத்தரவு இல்லாமல் காகிதம் உள்ளே போகாது என்றார்கள். இரண்டு நாள் வாசலில் கிடந்தாள்.

“வரி கேக்குறதும் இவுக, புடிச்சு வைக்கிறதும் இவுக. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிற மாட்டாகளா?” என்று காவல்காரரிடம் கேட்டாள். 

விடுதலையாகி வந்தபோது உத்தரவு வீட்டில் காத்திருந்தது. அவகாசம் கொடுத்தும் தாக்கல் செய்யவில்லை. ஆகவே ஆபீசே வருமானத்தை மதிப்பிட்டிருக்கிறது. சம்பாதித்ததைப்போல் இரண்டு பங்கு மதிப்பு, அதற்கு வரி, மேலே அபராதம்.

“தகுந்த காரணம் சொன்னா மறுபடி பாப்பாங்கண்ணே. ஜெயில்ல இருந்ததை எழுதுவோம்” என்றார் துளசிராம்.

 “எழுதுங்க. மறைச்சு என்ன ஆகப்போகுது?” என்றார் நல்லகாமன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. தன் குற்றத்தால் சிறை சென்றது தகுந்த காரணம் ஆகாது.

வரி கட்ட விற்ற வண்டிகளை அவனியாபுரத்துக் கரி வியாபாரி சின்னச்சாமி வாங்கிக்கொண்டார். தண்டட்டியும் போனது. தை பிறந்ததும் நல்லகாமன் அதே காட்டில் சின்னச்சாமிக்காகக் கூலிக்கு மூட்டம் போட்டார். ஐந்து மணியானால் கையைக் கழுவிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்புவார். கழுவினாலும் நகத்தில் கரி நிற்கும். ரேகை தெளிவாக விழவில்லை என்று ஏட்டு திட்டி, மறுபடி அமுக்கச் சொல்வார்.