தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த கேமரா

விருதுநகரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள் என்று பேர் வாங்கிவிட்டால் போதும், தெருவில் எந்தப் பொருளில் விளக்கு எரியாவிட்டாலும் அது நம் வாசலுக்கு வந்துவிடும். நான் பார்ப்பது மென்பொருளைச் சோதிக்கும் வேலை. கம்பெனி சென்னையில், நான் வீட்டு முன்னறையில். யாரோ எழுதியதில் ஓட்டை எங்கே என்று தேடிச் சொல்வதற்குச் சம்பளம். ஆனால் எதிர்வீட்டு மாமாவின் டி.வி. ரிமோட், பலசரக்குக் கடை அண்ணாச்சியின் பில் மெஷின், காலை வணக்கப் படங்களால் வயிறு உப்பிப்போன அம்மாவின் தோழிகளுடைய போன்கள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். சலித்துக்கொண்டே சரிசெய்து கொடுப்பேன்.

என் பொழுதுபோக்கு மொட்டைமாடியில் இருக்கிறது. ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்து, அதற்கு எதிரே சின்னதாக ஒரு கேமரா மாட்டியிருக்கிறேன். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சண்டை பிடிக்கும். மைனா முழுகி முழுகிக் குளித்துவிட்டு, யாரோ திட்டியதைப் போல விறைப்பாக நடந்து போகும். அலுவலகக் கூட்டங்களில் மேலாளர்கள் பேசும்போது திரையின் ஓரத்தில் இதை ஓடவிட்டிருப்பேன். மனிதர்களை எப்படி இன்னும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைக்கவிடாமல் பார்த்துக்கொள்வது என்று அவர்கள் கூடிக் கூடிப் பேசுவதைக் கேட்க, பக்கத்தில் ஒரு மைனாவாவது வேண்டும்.

பெரியப்பா மகன் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இதைப் பார்த்துவிட்டார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. சின்ன வயதிலிருந்து அண்ணன் என்றால் அவர்தான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அவருக்கு ஒரு பட்டாசுக் கம்பெனி இருக்கிறது.

"ஏ பாப்பா, குருவி கண்ணுல இருக்க வளையம் வரைக்கும் தெரியுதே! நம்ம கம்பெனியில அம்புட்டுப் பெரிய கேமரா மாட்டியும் பாதி நேரம் படமே வரமாட்டேங்குது. ஒருக்கா வந்து பாரேன்."

"சனிக்கிழமை வரேண்ணே" என்றேன்.

சாத்தூர் தாண்டியதும் வெயிலுக்கு வேறு நிறம் வந்துவிடுகிறது. கரிசல் காடு, நடுநடுவே விலகி விலகி நிற்கும் சின்னச் சின்னக் கட்டடங்கள், வேலிக்கருவை. கம்பெனி வாசலிலேயே என் போனை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார்கள். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றி, செம்புத் தகட்டில் கையை வைத்து எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். கேமராவின் படம் வரும் பெட்டி வாசலை ஒட்டிய ஆபீஸ் அறையில் இருந்தது. அண்ணன் யாரோ வியாபாரியோடு ஆர்டர் பேசிக்கொண்டிருந்தார். போர்மேன் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

வேலையைத் தொடங்கும் முன் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. கொல்லைப் பக்கம் கைகாட்டினார்கள். அங்கே கழிப்பறையை ஒட்டி, தகரத் தடுப்புக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. மேலே கூரை இல்லை. சனிக்கிழமை அரை நாள்தான் வேலை என்பதால் சில பெண்கள் அப்போதே வேலை முடித்து மேல் கழுவ வந்திருந்தார்கள். முழங்கை வரை அலுமினியப் பொடி மினுமினுத்தது. இரண்டு பேர் ஒரு சேலையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் அடியில் ஒருத்தி குனிந்து அவசர அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வெயிலுக்காகப் பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். "மேலே ஒரு தகரச் சீட் போடச் சொல்லலாம்லக்கா?" என்று சேலையைப் பிடித்திருந்த மூத்தவளிடம் கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க மொதலாளிக்கு என்ன வேணும்?"

"சித்தப்பா மக. கேமரா பாக்க வந்தேன்."

அவள் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. பக்கத்திலிருந்தவள்தான் பேசினாள். "அந்தா, கம்பத்துல உருண்டையா இருக்குல்ல தாயி, அது எங்களையேதான் பாத்துக்கிட்டு இருக்கு. சேப்டிக்குன்னு சொன்னாக. மருந்து ரூமு அந்தக் கோடியில இருக்கு. இங்கன என்ன வெடிக்கப்போகுது?"

"அது தானா சுத்துற கேமராக்கா. எல்லாப் பக்கமும் பாக்கும்" என்றேன். எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

"சுத்தட்டும் தாயி. இங்கன வந்துல்ல நிக்கிது" என்றாள். "மத்தியானத்துக்கு மேல நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல. குடிச்சா இங்கிட்டு வரணும்லா."

ஆபீஸ் அறைக்குத் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தேன். கோளாறு ஒன்றும் பெரிதில்லை. ஒயரை எலி கடித்திருந்தது. மாற்று ஒயர் போட்டு, மறுபடி உயிர் கொடுத்தேன். திரையில் முதலில் வானம் வந்தது. பிறகு கேமரா தன் போக்கில் ஒரு சுற்றுச் சுற்றியது. வாசல், வேப்பமரம், வேன், பொட்டல், மருந்து அறைகள். எங்கேயும் நிற்கவில்லை. தொட்டிப் பக்கம் வந்ததும் நின்றது. நின்று, மெல்லக் கீழே குனிந்து, கிட்டே போயிற்று.

இந்த மாதிரிக் கேமராக்களுக்கு வீடு என்று ஒரு இடம் குறித்துவைக்கலாம். யாரும் தொடாமல் விட்டால் அது அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்விடும். அந்தக் கேமராவுக்குத் தொட்டியை வீடாகக் குறித்திருந்தார்கள். கம்பத்தின் உயரத்திலிருந்து பார்க்கும்போது அந்தப் பெண்கள் பிடித்திருந்த சேலை பாதியைத்தான் மறைத்தது.

நான் சட்டென்று கையால் திரையை மறைத்தேன். யாரிடமிருந்து மறைக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. திரும்பிப் பார்த்தால் போர்மேன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யார் வெச்சது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார். நான் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

பெட்டிக்குள் யார் எந்தக் கருவியிலிருந்து எதை மாற்றினார்கள் என்பது பதிவாகியிருக்கும். அண்ணனின் போன்தான். அதற்குக் கீழே வெட்டி எடுத்துச் சேமித்த காட்சிகள் வரிசையாக இருந்தன. ஒன்றைத் திறந்தேன். உடனே மூடிவிட்டேன். எழுந்து வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் ஓங்கரித்தேன். சாப்பிட்டிருந்த இட்லி அங்கேயே போயிற்று.

மொட்டைமாடிச் சட்டியும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. அண்ணன் அந்த மைனா குளிப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதும்.

நான் திரும்பி வந்தபோது அண்ணன் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். "சரியாயிருச்சா பாப்பா? டீ குடி."

"கேமராவ ஏன் தொட்டியப் பாத்து நிப்பாட்டி வெச்சிருக்கீக?"

"அப்படியா? எவனாவது கைபட்டு மாத்தியிருப்பான்."

"ஒங்க போன்லருந்துதான்ணே மாத்தியிருக்கு. வெட்டி வெச்சதும் ஒங்க போன்தான்."

அவர் கதவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சின்ன வயதில் என் பங்கு மிட்டாயையும் தின்றுவிட்டுச் சிரிக்கும் அதே சிரிப்பு. "சும்மா வெளாட்டுக்கு. நம்ம கூட்டாளிக நாலு பேரு இருக்கானுக, கேட்டானுக. நீ இதையெல்லாம் பெருசு பண்ணாத. அவளுக என்ன நம்ம வீட்டுப் பொம்பளைகளா?"

அந்தக் கடைசி வார்த்தையை அவர் என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னார். நான் நம்ம வீட்டுப் பெண், எனக்கு ஒன்றும் வராது என்று தைரியம் சொல்கிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அறையின் வாசனை, காராச்சேவின் எண்ணெய், அவர் விரல்கள், எல்லாமே பிசுபிசுவென்று என் மேல் ஒட்டிக்கொண்டது போலிருந்தது.

நான் அவரிடம் மேற்கொண்டு பேசவில்லை. கொல்லைக்குப் போய் அந்த மூத்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். பதிவு இருக்கிறது, போலீசில் கொடுக்க வேண்டுமென்றால் அப்படியே எடுத்துத் தருகிறேன், நானும் கூட வருகிறேன் என்றேன்.

மேல் துடைத்துக்கொண்டிருந்த துண்டை அவள் மெதுவாக மடித்தாள். மற்றவர்கள் கிட்டே வந்து நின்றார்கள். அவர்களுக்குள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ஒருத்திக்கு அழுகை வந்துவிட்டது. ஒருத்தி கேஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றாள். கடைசியில் மூத்தவள் என்னிடம் வந்தாள்.

"கேஸ் குடுத்தா அந்தப் படத்த எத்தன ஆம்பளைக பாப்பாக தாயி? ஸ்டேசன், கோர்ட்டு… நாறப்போறது எங்க பேருதான். அழிச்சிருங்க. ஆனா எங்க கண்ணு முன்னாடி அழிக்கணும். அவுகளும் நிக்கணும்."

அப்படித்தான் நடந்தது. அந்தச் சின்ன அறைக்குள் பெண்கள் வந்து நின்றார்கள், ஈரத் தலையோடு. அண்ணன் எழுந்து வெளியே போகப் பார்த்தார். மூத்தவள் வாசலை மறித்து நின்று, "இருங்க மொதலாளி. எங்களப் பாத்தீகல்ல, இப்பவும் பாருங்க" என்றாள். குரல் உயரவில்லை. அவர் சுவரில் மாட்டியிருந்த சாமிப் படக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒவ்வொன்றாக அழித்தேன். பிறகு கேமராவின் வீட்டை மருந்து அறைப் பக்கம் மாற்றினேன். தொட்டி இருக்கும் இடம் படத்தில் தெரியாதபடி அதன் மேல் கறுப்புக் கட்டம் போட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன்.

"அந்த போனு?" என்றாள் அழுதவள்.

அண்ணன் கொடுக்க மாட்டேன் என்றார். கொடுக்காவிட்டால் நானே புகார் எழுதுவேன், சாட்சிக்கு நானே வருவேன் என்றேன். போனை மேஜை மேல் எறிந்தார். அதில் இருந்தவற்றையும் அழித்தேன். ஆனால் கூட்டாளிகளுக்கு அனுப்பியவை அனுப்பியவைதான். அதை நான் அந்தப் பெண்களிடம் மறைக்கவில்லை. "அப்ப அது எங்கன இருக்குன்னே தெரியாதா?" என்று கேட்டாள் அழுதவள். தெரியாது என்று சொன்னேன். என் தொழிலில் நான் சொன்ன பதில்களிலேயே கேவலமான பதில் அது.

திங்கட்கிழமை காலை வேன் வந்து நின்றும் பெண்கள் யாரும் உள்ளே போகவில்லையாம். தொட்டிக்குக் கூரை போட்டால்தான் வேலை என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சீசன் நேரம், லோடு ஏற்ற வேண்டிய சரக்கு பாதியில் கிடந்தது. அன்று சாயங்காலமே கூரை ஏறிவிட்டது. என் நம்பரை வாங்கிவைத்திருந்த அந்த மூத்தவள் எனக்கு போன் செய்து சொன்னாள். கூரையோடு சேர்த்துக் கதவுக்குத் தாழ்ப்பாளும் வாங்கிவிட்டதாகச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். "குடிக்கோம் தாயி" என்றாள்.

அதற்காக எல்லாம் சுத்தமாகிவிடவில்லை. அண்ணன் சிவகாசியிலிருந்து யாரையோ கூட்டிவந்து என் பாஸ்வேர்டைத் தூக்கிவிட்டார். கூட்டாளிகளில் ஒருவர் எங்கள் தெரு வழியாக வண்டியில் போகும்போது இன்னமும் என் அப்பாவுக்குக் கும்பிடு போடுகிறார். பெரியப்பா வந்து, "வீட்டு விசயத்த வேலைக்காரிக கிட்ட கொண்டுபோய்ச் சொல்லலாமா?" என்று அப்பாவிடம் நியாயம் கேட்டார். அவர் மகன் செய்தது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா எனக்காகப் பேசுவார் என்று பார்த்தேன். "கண்டும் காணாம வந்திருக்கலாம்ல" என்றார். அன்றிரவு அம்மா பரிமாறிய சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

என் சென்னை ஆபீசில் எனக்கு நெருக்கமான ஒருவரிடம் இதைச் சொன்னேன். முழுவதையும் கவனமாகக் கேட்டார். பிறகு, "அவ்வளவு உயரத்திலிருந்து அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்றால், என்ன மாடல் கேமரா அது?" என்று கேட்டார். கெட்டவர் இல்லை. அவருக்கு அதில் கேட்கத் தோன்றியது அதுதான். அன்றிலிருந்து அவரோடு வேலையைத் தவிர வேறெதுவும் நான் பேசுவதில்லை.

சில வாரங்கள் கழித்து மதினியிடமிருந்து போன் வந்தது. அண்ணன் மனைவி. திட்டத்தான் போகிறார் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு எடுத்தேன்.

"வீட்ல யாரும் இல்ல. ஒரு எட்டு வந்துட்டுப் போறியா?" என்றார்.

போனேன். கூடத்தின் மூலையில், அடுக்களையும் படுக்கையறைக் கதவும் சேர்ந்து தெரிகிற மாதிரி, சின்னதாக ஒரு வெள்ளைக் கேமரா இருந்தது. கல்யாணமான மறு வருஷமே மாட்டிவிட்டாராம். "திருடனுக்குன்னு சொன்னாக. நான் யாரோட போன் பேசினாலும் சாயங்காலம் வந்து, யாரு அதுன்னு கேப்பாக. நைட்டி போட்டா ஏன்னு கேப்பாக. கம்பெனியில நடந்தத நீ கண்டுபிடிச்சேன்னு தெரிஞ்சதும், எனக்கு ஒண்ணும் அதிசயமா இல்ல."

நம்ம வீட்டுப் பொம்பளைகளா என்று கேட்ட அண்ணனின் குரல் காதில் விழுந்தது. அந்த வீட்டின் சுவர்களைத் தொடவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"எடுத்திரட்டுமா மதினி?"

"ஒயர் எதுன்னு மட்டும் காட்டு. நான் எடுக்கேன்."

காட்டினேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, காய் நறுக்கும் கத்தியால் ஒயரை அறுத்து, கேமராவைத் திருகிப் பிடுங்கி இறங்கினார். அண்ணன் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"நான்தான் பிடுங்கினேன்னு சொல்லுவேன்" என்றார்.

காபி போட்டுக்கொண்டு வந்து இருவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அவர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சொன்னார், அவருடைய தங்கை வீட்டைப் பற்றிச் சொன்னார். சுவரில் ஆணித் துளையும் கொஞ்சம் உதிர்ந்த சுண்ணாம்பும்தான் இருந்தன. ஆனாலும் மதினி என் காதருகே குனிந்து, குசுகுசுவென்றுதான் பேசிக்கொண்டிருந்தார்.