மோதல் பொறுக்கும் உத்தியோகம்

வேண்டாததைத் தள்ளத் தெரிந்தால் போதும், எங்கள் தொழிலில் பிழைத்துக்கொள்ளலாம். எங்கோ வெளிநாட்டில், மண்ணுக்கடியில், ஓர் இயந்திரம் புரோட்டான்களை மோதவிட்டுக்கொண்டே இருக்கிறது. ஏறக்குறைய எல்லா மோதலும் பழைய சங்கதிதான். புதிய துகள் ஏதாவது தலைகாட்டியிருக்கக்கூடிய மோதல்களை மட்டும் பொறுக்கி எடுக்க நிபந்தனைகள் எழுதுவது என் வேலை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, செங்கோட்டைப் பக்கம் இலத்தூரில் எங்கள் வீட்டிலிருந்தே எழுதுகிறேன். வீட்டில் அப்பாவும் நானும்தான். கதவைச் சாத்திக்கொண்டு கணினியோடு குடும்பம் நடத்தும் சக துன்பவாசிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

பெண் பார்த்தது

தென்காசியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை கல்லூரி ஆசிரியர், சாந்தமான மனிதர். எனக்கும் பிடித்திருந்தது. அவருடைய அம்மா, "என்ன வேலை பாக்கேம்மா?" என்று கேட்டார். நான் அளவு தெரியாமல் விளக்கிவிட்டேன். மோதல்கள் வந்து குவியும், நிபந்தனை போட்டுக் கழிப்போம், மிஞ்சியதை இன்னும் கடுமையான நிபந்தனை போட்டு மறுபடி கழிப்போம் என்றேன். மாப்பிள்ளை மரியாதைக்குத் தலையாட்டினார். அந்தம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார்:

"இப்படிக் கழிச்சுக்கிட்டே இருந்தா, கடைசில யாரும்மா மிஞ்சுவா?"

குற்றாலத்தில் ஒரு கூட்டம்

சாரல் காலத்தில் வீட்டு இணையம் படுத்துவிடும். முக்கியமான கூட்டம் ஒன்று இருந்ததால், பக்கத்து வீட்டு அக்காவிடம் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குற்றாலத்தில் ஓர் அறை எடுத்தேன். சன்னலைத் திறந்தால் அருவிச் சத்தம் அறைக்குள்ளேயே விழுந்தது.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு மார்த்தா மட்டும் இருந்தாள். வருடக்கணக்காக என்னோடு வேலை பார்ப்பவள். நேரில் பார்த்ததில்லை. என் ஊரைக் கொஞ்சம் காட்டிவிட ஆசை. இருட்டிய மேகத்தில் படம் தெரியாது, சத்தமாவது கேட்கட்டும் என்று கணினியைச் சன்னலோரம் தூக்கிப் பிடித்தேன். அருவியை இரைச்சல் என்று முடிவுகட்டி, கூட்டம் நடத்தும் மென்பொருள் மொத்தமாகத் துடைத்துவிட்டது எனக்குத் தெரியாது. மார்த்தா ஆங்கிலத்தில் பெருமூச்சோடு சொன்னாள்:

"ஒன்றுமே கேட்கவில்லையே. உன் பக்கம் எப்போதும் எவ்வளவு அமைதி, கொடுத்துவைத்தவள் நீ."

திறந்து பார்த்த நாள்

தரவில் புதிய துகள் இருக்கக்கூடிய பகுதியை மட்டும் மூடி வைத்துவிட்டுத்தான் நாங்கள் நிபந்தனைகளை எழுதவேண்டும். முன்கூட்டியே பார்த்தால் ஆசைக்குத் தக்கபடி வளைத்துவிடுவோம் என்ற பயம். எங்கள் ஆய்வுக்கும் ஒருநாள் திறக்க அனுமதி கிடைத்தது. எல்லோரும் திரையில் கூடினோம். பழைய விதிகள் எத்தனை மோதல்களை எதிர்பார்த்தனவோ, கிட்டத்தட்ட அத்தனைதான் இருந்தன. புதிதாக ஒன்றுமில்லை. 'நேர்த்தியான முடிவு' என்று பாராட்டிவிட்டு ஒவ்வொருவராக மறைந்தார்கள். கடைசியில் என் முகம் மட்டும் திரையில் நின்றது.

மறுநாள் காலை குற்றாலம் பேரருவியில் பெண்கள் பக்கம் போய் நின்றேன். தலையில் தண்ணீர் அறைய அறைய, கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நான் அழுவது எனக்கே கேட்கவில்லை. யாரோ என் தோளைத் தொட்டார்கள். என்ன ஏது என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். முகமெல்லாம் எண்ணெய் வழிய ஒருத்தி நின்றாள்:

"ஏட்டி, எம்புட்டு நேரமா நிக்கே, கொஞ்சம் தள்ளிக்கோ, பின்னால ஆளு நிக்குல்லா?"

அப்பாவின் மத்தியானம்

ஆய்வு முடிந்ததும் தினசரிக் கூட்டங்கள் நின்றன. மார்த்தா வேறு வேலைக்குப் போய்விட்டாள். மத்தியானங்களில் வீட்டில் பேச்சே இல்லை. பக்கத்து அறையில் அப்பா தூங்காமல் புரண்டுகொண்டிருந்தார். மருந்தை மாற்றவேண்டுமோ என்று நினைத்தேன். ஒருநாள் அவரே திக்கித் திக்கிக் கேட்டார்: "இன்னைக்கும்... கூட்டம்... இல்லையா, ஏட்டி?" அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் என் குரல் ஓடிக்கொண்டிருந்தால்தான் அவருக்குக் கண் அசருமாம்.

இருக்கு என்று சொல்லிவிட்டு என் அறைக்குப் போனேன். அணைந்து கிடந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஆய்வை முதலிலிருந்து ஆங்கிலத்தில் விளக்கினேன். எந்த மோதல்களை ஏன் தள்ளினோம், தள்ளியதில் எதற்காக இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது என்பதையெல்லாம் சொன்னேன். கூட்டத்தில் சொல்ல முடியாதவை அவை. மார்த்தா கேள்வி கேட்கும் இடங்களில் நிறுத்தி, பதிலும் சொன்னேன். குறட்டை கேட்கும்வரை பேசினேன். சாயங்காலம் காப்பி கொண்டுபோனபோது அப்பா தெளிவாக இருந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"இன்னைக்கு... நல்லாப் பேசினட்டி. யாரும்... குறுக்க பேசல போல."

ஆக, தனியாகப் பேசிக்கொண்டிருந்தாலும் பைத்தியம் என்று பெயர் வாங்காமல் காலம் தள்ள, எனக்குத் தெரிந்து இதைவிடத் தோதான உத்தியோகம் வேறு இல்லை.