கூடையில் திரும்பி வந்த மண்

அறுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தென்காசியில் குற்றாலம் போகும் சாலைக்குப் பக்கத்தில், சரிவான ஒரு மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். அது முடியும்வரை மனையிலேயே ஓர் ஓலைக் கொட்டகையில் குடியிருந்தோம். அஸ்திவாரத்துக்குள் நிரப்ப வண்டி வண்டியாகச் செம்மண் வந்து இறங்கியிருந்தது. சாரல் காலத்தில் அது கரைந்து கீழே ஓடைக்குப் போய்விடக் கூடாதே என்று, என் கணவர் சரிவின் அடியில் முதல் வேலையாக மதில் சுவரை எழுப்பிவிட்டார். அதில் அவருக்கு ஏகப் பெருமை.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி நெசவாளர். வீட்டுக்குள்ளேயே தரையில் குழி தோண்டித் தறி போட்டிருந்தார். விடிந்ததும் அந்தச் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன்.

ஆனி மாதம், ஒரு மத்தியானம். சாரலாகத் தொடங்கியது அடைமழையாகிவிட்டது. மேற்கேயிருந்து வரும் வெள்ளம் வழக்கமாக எங்கள் மனை வழியாக ஓடைக்குப் போய்விடும். அன்று சுவர் மறித்ததும் தேங்கி, அண்ணாச்சி வீட்டு வாசல் பக்கம் திரும்பிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், அவரும் அவர் மனைவியும் தறிக்குழிக்குள் இறங்கி, குடத்தால் தண்ணீரை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தறியில் பாதி நெய்த சேலை. இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஏறினால் தறியில் நீளமாகக் கட்டியிருந்த பாவு நூல் முழுக்க நனைந்து வீணாகிவிடும். அவர்கள் பிழைப்பே அதுதான்.

திரும்பி வந்து கடப்பாரையை எடுத்தேன். கணவரிடம் சொல்லிப் புரியவைக்கிற பொறுமையெல்லாம் எனக்கு எப்போதும் கிடையாது.

"சுவத்தை உடைச்சிராதிய தாயி, மண்ணெல்லாம் ஓடைக்குல்லா போயிரும்" என்று அண்ணாச்சி தன் வாசலுக்கு ஓடி வந்து கத்தினார்.

என் கணவர் மண்குவியலை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி அவரே இடித்தார். தண்ணீர் ஓடைக்குப் பாய்ந்தது. எங்கள் செம்மண்ணும் கூடவே போனது. தறி தப்பியது. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் அந்த மண் போனதில் வருத்தம்தான்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. தறிச் சத்தம் கேட்கவில்லை. பதறிப்போய் வெளியே வந்தேன். இடித்த சுவர் வழியாக அண்ணாச்சியும் அவர் மனைவியும் தலையில் கூடையோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முழங்கால் வரை சேறு.

"தறியை நிப்பாட்டிட்டு எதுக்குக்கா இதெல்லாம்?" என்றேன்.

"ஒங்க மண்ணுல்லா, ஓடைக்கரையில ஒதுங்கிக் கெடக்கு. அடுத்த மழை வந்தா அதுவும் போயிரும்" என்று சொல்லிவிட்டு, அந்த அக்கா அடுத்த கூடைக்கு இறங்கிப் போனார்.

நாங்களும் இறங்கினோம். பாதி மண்கூடத் தேறவில்லை. சுவரில் இடித்த இடத்தை அடைக்காமல், அடியில் கல் பாவித் தண்ணீருக்கு வழி விட்டுவிட்டோம்.

அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். கூடத்தில் வெறுங்காலோடு நடக்கும்போதெல்லாம், தறியை நிறுத்திவிட்டு அவர்கள் தலையில் சுமந்து வந்த மண் இந்தத் தரைக்குக் கீழே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன், கண் கலங்கிவிடும்.